எட்டு எண்ணிக்கை மௌனம்

"ஐந்து கோடு படிக்கத் தெரிந்தால் உலகத்து இசை உங்கள் வீட்டில். பெரியவர்களுக்கான கீபோர்டு வகுப்பு. சனி, ஞாயிறு மாலை." சென்ற ஜூன் முதல் வாரம், பொழிச்சலூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பு, எழுத்து மாறாமல். ஏழு பேர் சேர்ந்தோம். உலகத்து இசையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மெட்டு.

வகுப்பெடுத்த மாஸ்டருக்கு வார நாட்களில் சிறுசேரியில் மென்பொருள் வேலை. கோட்டின் மேலும் இடையிலும் உட்காரும் புள்ளிகள் ஸ்வரங்கள், கோட்டிலிருந்து தொங்கும் கறுப்புப் பட்டை நான்கு எண்ணிக்கை மௌனம் என்று சொல்லிக்கொடுத்தார். "வாசிக்காம இருக்கறதையும் எழுதணும் சார். அதுதான் நோட்டேஷன்." புள்ளிகளில் தடுமாறிய நாங்கள் இதை மட்டும் உடனே பிடித்துக்கொண்டோம்.

விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் தலைக்கு மேல் விமானம் போனால் சண்டைகூடப் பாதியில் நிற்கும். போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடரும். மாஸ்டர் மெட்டை வாசித்து எழுதவைத்தபோதும் ஒன்று வந்தது. கையை உயர்த்தினார். பழக்கதோஷம், விரலால் எண்ணிக்கொண்டே இருந்தார். எட்டு வரை போயிற்று. ஏழு பேரும் பயபக்தியோடு இரண்டு பட்டைகள் போட்டோம். ஒத்திகைகளிலும் ஏதாவதொரு விமானம் குறுக்கிட்டபடி இருந்ததால், நாங்கள் நிற்பது அதற்காகத்தான் என்று நினைத்த மாஸ்டருக்குச் சந்தேகம் வரவில்லை.

என் பக்கத்து இருக்கை, தபால் துறையில் ஓய்வுபெற்ற அக்கா. எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு முன் அவர் மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "மேடைல ஒழுங்கா வாசிச்சா கீபோர்டு இருக்கட்டும்மா. இல்லன்னா வித்துடறேன். ஹால்ல இடமே இல்ல."

விழா கோவிலம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில். அங்கே விமானம் தாழப் பறப்பதில்லை. பாதி மெட்டில் ஏழு பேரும் ஒரே நொடியில் கையைத் தூக்கி நின்றோம். அக்காவின் உதடுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணின.

"இன்னாபா, கரண்ட் போச்சா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"லைட்டு எரியுதே மச்சான்!"

எட்டு முடிந்தது. ஏழு பேரும் பிசகாமல் ஒன்றாகத் தொடங்கினோம். கைதட்டல். மாஸ்டர், முகத்தில் வியர்வையோடு, மைக்கைப் பிடித்தார்: "ஒரிஜினல்லயே அந்த இடத்துல பெரிய சைலன்ஸ் இருக்கு. பிடிக்கறது ரொம்பக் கஷ்டம்." இன்னும் பலத்த கைதட்டல்.

மகன் அக்காவிடம் சொன்னான்: "வாசிச்சது சுமார்தான்மா. நிறுத்தினீங்க பாரு, செம!" கீபோர்டு ஹாலிலேயே இருக்கிறது, சோபாதான் இடம் மாறியது.

மூலப் பிரதியை மாஸ்டரிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "ஆபீஸ் பையில இருக்கு சார்" என்கிறார். அதில் அந்த இடத்தில் மௌனம் உண்டா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.