உள்ளே உட்கார்ந்து பார்ப்பவள்

நர்ஸம்மாவின் காரிலிருந்து உருவிய தரைவிரிப்பைக் கொடிக்கம்பியில் போட்டு, அதன் அடியோரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள் சீட் கவர் தைப்பவள். அவள் தொழில் ஊசியும் ரெக்சினும்தான். ஆனால் ஒரே கொட்டகையில் புருஷன் வண்டி வயரிங் பார்க்கிறவர் என்றால், நனைந்ததெல்லாம் பெண்டாட்டி தலையில்தான் வந்து விடியும்.

இருபது வருஷமாக அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழைக்கு மக்கர் பண்ணும் வண்டி வந்தால், வெளியே ஒருவர் ஹோஸில் தண்ணீர் அடிக்க, உள்ளே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சோடு உட்கார வேண்டும். உள்ளே எப்போதும் அவள்தான். தண்ணீர் எந்த ஓட்டை வழியாகப் பதுங்கி வந்தாலும் பிடித்துவிடுவாள். "மோந்து பாத்தே சொல்லிருவா" என்று புருஷன் பீற்றிக்கொள்வார். அப்படி மோந்து பார்த்து ஒருமுறை பின்சீட்டுக்கடியில் அவள் கண்டுபிடித்தது, உடைந்துபோன பழைய பால் பாக்கெட்.

இந்தக் கார் வருவது மூன்றாம் தடவை. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கிறவர் அந்த நர்ஸ். மழை பிடித்தால் வைப்பர் தானாக ஆடும், ஹாரன் தானாக அலறும், கடைசியில் இன்ஜின் அணைந்துவிடும். முந்தின இரண்டு தடவையும் புருஷன் ஃபியூஸ் பெட்டியைக் கழற்றி, பச்சை பூத்த முனைகளைச் சுரண்டி, ஹேர் டிரையரில் காயவைத்து அனுப்பினார்.

"நேத்து நடுரோட்டுல நின்னுட்டேன். ஊசி போட வேண்டிய பெரியவரு ஒரு மணி நேரம் வலியோட துடிச்சிருக்காரு," என்றார் நர்ஸ்.

"கதவுக் கண்ணாடிய எறக்கி வச்சிருப்பீங்க சிஸ்டர்," என்றார் புருஷன், முகத்தைப் பார்க்காமல்.

"கொட்டுற மழையில எறக்கி வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு தடவை காயவைத்த மனுஷன், ஒரு தடவையாவது தன்னை உள்ளே உட்காரச் சொன்னாரா?

கோடையில் இந்தக் காருக்கு முன்கண்ணாடி மாற்றியது அவளுடைய தம்பி. வேலை சுத்தமான கண்ணாடிக்காரன். ஆனால் ஒரு சொல் பொறுக்கமாட்டான். அப்படியே இரண்டு கடையை உதறிவிட்டு வந்தவனுக்கு, புருஷனிடம் கேட்டு இங்கே ஒரு மூலையை வாங்கித் தந்தவள் அவள். இங்கிருந்தும் முறுக்கிக்கொண்டு போனால், பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் எங்கே போவான்?

"தம்பி, ஹோஸ எடு," என்றாள்.

புருஷன் நிமிர்ந்தார். "விரிப்பு காயட்டுமே. அப்பறம் பாத்துக்கலாம்."

"விரிப்பு காஞ்சா ஒழுகுறது நின்னுருமா?"

உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். கூரையில் தண்ணீர் விழுந்தது. கதவோரம் காய்ந்தே இருந்தது. முன்கண்ணாடியை ஒட்டிய பட்டையை நெம்பி எடுத்து டார்ச்சைப் பிடித்தாள். மேல் மூலையிலிருந்து மெல்லிய கோடாக இறங்கி, வயர்க் கற்றையைப் பிடித்துக்கொண்டு, நேரே ஃபியூஸ் பெட்டிக்குள் சொட்டியது தண்ணீர்.

"எங்க ஒழுகுதுக்கா? கதவு ரப்பர்தானே?" வெளியிலிருந்து தம்பி கத்தினான். பக்கத்தில் நர்ஸ் நின்றிருந்தார்.

ஆமாம் என்றால் இன்றைக்கு எல்லாம் அமைதி. அடுத்த மழைக்கு இந்த அம்மாள் மறுபடி நடுரோட்டில்.

கதவைத் திறந்தாள். "ரப்பர் இல்லடா. நீ ஒட்டின கண்ணாடி. மேல் மூலையில ஒரு விரக்கடை பசை பிடிக்கல."

அவன் குழாயை மூடினான். அவளை விட்டுவிட்டு அவள் புருஷனைப் பார்த்தான்.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் சட்டைப்பையில் எதையோ தேடினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பிரிச்சு ஒட்டியிருப்பேன். நான் என்ன பச்சப்புள்ளையா, எல்லாரும் பொத்திப் பொத்தி வைக்க?" பிறகு நர்ஸிடம் திரும்பினான். "சிஸ்டர், தப்பு என்னோடது. பசை காயணும். வண்டி நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அசையக்கூடாது."

கண்ணாடியைக் கழற்றி, பழைய பசையை வழித்து, மறுபடி பதித்து முடித்தான். வேலை முடிந்து பின்னறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் துண்டோடு போய் நின்றாள்.

"நாளைக்கு வந்துருவல்ல?"

அவன் துண்டை வாங்கி விரல் விரலாகத் துடைத்தான். அதை ஆணியில் மாட்டி, கருவிப்பையைத் தன் மூலையிலேயே விட்டுவிட்டு வெளியே போனான்.