நீச்சல் குளத்தில் உடைத்த பூசணிக்காய்

எங்கள் குடியிருப்பில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அதில் நீந்துகிறவர்களைவிட அதைப் பற்றிக் கூட்டம் போடுகிறவர்கள் அதிகம். போன வாரம் சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். குளத்துக்குப் புதுப் பூச்சு பூசப் போகிறார்களாம். நான் பழைய ஓவர்சீயர் ஆயிற்றே, எந்தத் தப்பையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்ல வேண்டுமாம். என் உத்தியோக காலத்தில் நான் பூச்சு வேலை பார்த்த நீச்சல் குளம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஒரு குளத்துக்குச் செய்யக்கூடிய தப்புகள் முக்கால்வாசியை அந்த ஒன்றிலேயே பார்த்துவிட்டேன். அதனால் எனக்குத் தகுதி உண்டு.

அறுபதுகளின் நடுவில், கடலூர் மஞ்சக்குப்பத்தில், அதிகாரிகளும் வக்கீல்களும் சாயங்காலம் சீட்டாடும் ஒரு கிளப்பின் பின்புறத்தில் அந்தக் குளம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வெட்டிக் குளித்துவிட்டு நமக்கு விட்டுப் போனது. நாம் அதைத் தவளைகளுக்கு விட்டுவிட்டோம். பூச்சு அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. யாரும் கவலைப்படவில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மாற்றலாகி வருகிறார், அவர் காலையில் நீந்தாமல் காப்பி குடிக்கமாட்டார் என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே கிளப்புக்குக் குளத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

நான் அப்போது பொதுப்பணித் துறையில் தற்காலிக ஓவர்சீயர். மூன்று வருடமாகத் தற்காலிகம். கிளப்பில் உறுப்பினராக இருந்த எங்கள் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். “கொளத்த முடிச்சிக் குடு. தொரை வந்து பாத்து திருப்தின்னு சொல்லட்டும், உன்ன பர்மனெண்ட் பண்ற பேப்பர்ல அன்னிக்கே கையெழுத்து போட்டுடறேன்” என்றார்.

அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது நான் மட்டுமல்ல. சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், என் அம்மா வழியில் தூரத்து உறவான மாமா ஒருவர் இருந்தார். தாலுக்கா ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் என் செருப்பு தொலைந்துபோனபோது மற்றவர்கள் எல்லாம் அனுதாபப்பட்டார்கள், அவள் மட்டும் சிரித்தாள். அன்றைக்கே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. மாமாவோ, “வேல தற்காலிகம்னா மாப்ளையும் தற்காலிகந்தானே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வேலை நிரந்தரமாகிவிடும் என்று தோன்றுகிற நாளில் என்னை மாப்ள என்பார். சந்தேகம் வந்த நாளில் தம்பி ஆகிவிடுவேன்.

ஆக, அந்தக் குளத்தின் பூச்சில்தான் என் கல்யாணம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொத்தனாராக என் சிநேகிதனைப் பிடித்தேன். பரங்கிப்பேட்டைக்காரன், பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அப்போதிருந்தே மச்சான்தான். சிங்கப்பூரில் நாலு வருஷம் இருந்து, அங்கே பணக்கார வீடுகளில் நீச்சல் குளம் பூசிய கை. என்னிடம் டிப்ளமா இருந்தது. நான் அதுவரை நீச்சல் குளத்தைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

கிளப் செயலாளர் ஒரு வக்கீல். பூச்சு நன்றாக இருக்கிற இடத்தை எதற்குக் கொத்துவது, உப்பிய இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் போதாதா என்று வாதாடினார். மச்சான் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, பார்வைக்கு நன்றாக இருந்த சுவரைத் தட்டிக்கொண்டே போனான். பத்தடிக்கு எட்டடி டொப் டொப் என்றது. “உள்ளார காத்துதான் சார் இருக்கு. இதும்மேல பூசுனா ஆறு மாசம் தாங்காது” என்றான். எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம்.

அடுத்து மணல். தேவனாம்பட்டினம் கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது பெண்ணையாற்று மணல் எதற்கு என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் செயலாளர் இரண்டு வண்டி கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். மச்சான் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினான். “இது கருவாட்டுக்கு ஆவும் சார், கொளத்துக்கு ஆவாது.” மணல் திரும்பிப் போயிற்று. செயலாளர் அவனோடு பேசுவதை நிறுத்தினார். அது வேலைக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

கடைசிப் பூச்சு வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்தது. அதை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பூசி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சேருமிடம் தழும்பாகத் தெரியும். ஒரு வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து ஆறு பேர் காலில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு பூசினார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. தரை தும்பைப் பூ மாதிரி இருந்தது. “மூணு வாரம் ஈரம் காயக் கூடாது. யாரும் எறங்கக் கூடாது. எவன் வந்து கேட்டாலும் வேணாம்னு சொல்லு மச்சான்” என்றான்.

சொல்லியிருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மச்சான் ஜும்மா தொழுகைக்காகத் தன் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் சிதம்பரத்திலிருந்து மாமா வந்து இறங்கினார். மாப்பிள்ளை வேலையை நேரில் பார்க்க வேண்டுமாம். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு பெரிய திருஷ்டிப் பூசணிக்காய். குளத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “பிரமாதம் மாப்ள!” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி அறிவு போய்விட்டது.

பூசணிக்காயின் தலையில் துளை போட்டு, குங்குமத்தையும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் திணித்தார். வாசலில் உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குளத்தின் படியில் கால் வைத்தார்.

“மாமா, உள்ளார எதுக்கு?”

“வூடுன்னா வாசல்ல உடைக்கலாம். கொளத்துக்கு வாசல் எங்க இருக்கு? பாக்கறவன் கண்ணு எங்க படுதோ அங்கதான் உடைக்கணும்.”

செயலாளரைப் பார்த்தேன். வக்கீலாயிற்றே, குறுக்குக் கேள்வி ஏதாவது கேட்பார் என்று நம்பினேன். அவர், “அவுரு சொல்றதுல பாயிண்ட் இருக்கு” என்றார்.

வேணாம் என்பது மூன்றே எழுத்து. அது என் தொண்டைவரை வந்தது. அங்கே மாப்ள என்ற சொல் வழியை மறித்துக்கொண்டு நின்றது. மாமா குளத்தின் நட்ட நடுவில் நின்று, சூடம் கொளுத்திச் சுற்றி, ஓங்கி அடித்தார். ஒரு நாள் வயதான ஈரத் தரையில், ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் அகலத்துக்கு, ரத்தச் சிவப்பாகச் சிதறியது. திருஷ்டி அன்றோடு கழிந்துவிட்டது என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குளத்தைப் பார்த்து யாரும் பொறாமைப்படவில்லை.

அள்ளினோம், துடைத்தோம், கழுவினோம். சிவப்பு உள்ளே இறங்கியிருந்தது. மஞ்சள் கறைக்கு எலுமிச்சம்பழம் என்று செயலாளர் சட்டம் சொன்னார். ஒரு கூடை எலுமிச்சை வந்தது. பிழிந்து தேய்த்ததும் சிவப்பு போய் வெளிர் மஞ்சளாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். மாமா சந்தோஷமாகச் சாயங்கால ரயிலுக்குப் போனார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பழையபடி சிவப்பு. மறுபடியும் எலுமிச்சை, மறுபடியும் மஞ்சள், மறுபடியும் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஊரிலிருந்து வந்து பார்த்தான். முதலில் என்னைத் திட்டினான். அப்புறம் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “உங்க வூட்ல ஆரத்தி கரைக்கிறாங்களே, மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா என்னா ஆவுது? செவக்குதுல்ல? புதுச் சிமெண்டும் சுண்ணாம்பு கொணந்தான். நீ புளிப்ப ஊத்துனா மஞ்சளாவும், அது உள்ளேந்து திரும்பச் செவக்கும். பூச்சுதான் கெடும்.”

“இப்ப என்னடா பண்றது?”

“ஒண்ணும் பண்ணாத. வேட்டியில பட்ட மஞ்சக்கற வெயில்ல போட்டா போவுதுல்ல? அதேதான். தண்ணி தெளிச்சிகிட்டே வெயிலுக்குக் காட்டு. பதினஞ்சு நாள்ல தானா போயிடும். யாரும் கைய வைக்காதீங்க, அது போதும்.”

இதைக் கிளப்பில் போய்ச் சொன்னேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் கமிட்டி எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே அடுத்த நாள், எனக்குத் தெரியாமல், கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தார்கள். தும்பைப் பூவாக இருந்த தரை ஆட்டுக்கல் மாதிரி சொரசொரப்பாயிற்று. சிவப்பு இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு மீண்டும் வேலைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் பெரிய அதிகாரி வருகிற நாளும் நெருங்கிவிட்டது. தண்ணீரை நிரப்பினால் கறை தெரியாது என்று செயலாளர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். மூன்று வாரம் ஆக வேண்டிய பூச்சின் மேல் ஒன்பதாம் நாள் இறைப்பு எஞ்சினை வைத்துத் தண்ணீரை நிரப்பினார்கள்.

தண்ணீருக்கு அடியில் கறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அலை அசைந்தபோது அதுவும் அசைந்தது.

பெரிய அதிகாரி வந்தார். மாலை போட்டார்கள். குளக்கரைக்கு அழைத்துப் போனார்கள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, ஒரு அடி பின்வாங்கி, “யாராச்சும் உள்ளே விழுந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். செயலாளர் தென்னை மரத்தைப் பார்த்தார். அந்த அதிகாரியே, “எப்படியும் எனக்குப் பரவாயில்லை. காதுல கோளாறு. பத்து வருஷமா நான் தண்ணியில எறங்கறதே இல்ல” என்று சொல்லிவிட்டுச் சீட்டாட்ட அறைக்குப் போனார்.

மறுநாள் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, கறை எப்படி வந்தது, பூசணிக்காயை யார் கொண்டுவந்தது என்று கேட்டார். “நான்தான் சார்” என்றேன். தியாகம் என்று நினைக்க வேண்டாம். மாமா பெயரைச் சொல்ல எனக்குப் பயம், அவ்வளவுதான். எஞ்சினியர் என் பேப்பரை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

குளத்துத் தண்ணீரை வடித்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கமிட்டி அந்தக் குளத்துக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. சித்திரை வெயில் இரண்டு வாரம் விழுந்தது. மச்சானும் நானும் போய்ப் பார்த்தோம். சொரசொரப்பு அப்படியே இருந்தது, சிவப்பைக் காணோம். “சொன்னேன்ல?” என்றான். அவனை அடிக்கலாம் போல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் போனேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை. மாமா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். வேலை நிரந்தரமாகவில்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

“பூசணிக்காய் நான் கொண்டாந்ததுன்னு சொல்லலியா?”

“இல்ல மாமா.”

“சரி. அன்னிக்கு நான் உள்ளார எறங்குனப்ப வேணாம்னு ஏன் சொல்லல? படிச்சவன்தானே நீ? கெட்டுப்போவும்னு தெரியுமில்ல?”

எனக்குத் தெரியும். அதுதான் என் வெட்கம்.

“ஒரு பூசணிக்காய வேணாம்னு சொல்லத் தெரியல. நாளைக்கு எம்பொண்ண வச்சிகிட்டு ஊர்ல யாருக்கு என்னா பதில் சொல்லுவ, தம்பி? விருத்தாசலத்துல ஒரு பையன் இருக்கான். பர்மனெண்டு. ஆடி கழிஞ்சதும் பேசலாம்னு இருக்கேன்.”

தம்பி என்ற சொல் அதற்கு முன்னால் எனக்கு அவ்வளவு வலித்ததில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கிளம்பலாம் என்று திரும்பினேன். அப்போது உள் அறைக் கதவருகிலிருந்து அவள் குரல் கேட்டது.

“அப்பா, இந்த வூட்ல ஒங்ககிட்ட வேணாம்னு யாரு சொல்லியிருக்காங்க? அம்மா சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. அவுங்க மட்டும் எப்புடி சொல்லுவாங்க? நான் இப்ப சொல்றேன். விருத்தாசலம் வேணாம்.”

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துச் சொன்னார்.

“மாப்ளைக்குக் காப்பி கொண்டாம்மா.”

கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தேன்.