வராத குழந்தைகளின் அட்டைகள்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டோடு இருந்தேன். ஏழைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் தர்ம சங்கம் ஒன்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு நிலையம் நடத்திவந்தது. கொடுக்கிற பால் குழந்தைகளின் உடம்பில் ஒட்டுகிறதா என்று எடைக் குறிப்புகளைப் பார்த்து மாதாமாதம் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். புள்ளிவிவர உதவியாளர் என்று பதவிக்குப் பெயர். ஒரு மேஜை, பென்சில், கட்டம் போட்ட தாள், குழந்தைக்கு ஒன்றாக மஞ்சள் அட்டைகள். அவ்வளவுதான் ஆபீஸ்.

எடை போடுகிறவர் ஓர் அக்கா. கணவர் இறந்துவிட்டார், நாற்பது வயதிருக்கும், நிலையம் இருந்த தெருக்காரர்தான். உத்தரத்தில் தொங்கிய தராசுக் கொக்கியில் துணித் தூளியை மாட்டி, அழுகிற குழந்தையை அதில் வைத்து, முள் நிற்கும்வரை கொஞ்சிக்கொண்டே இருப்பார். முள் நின்றதும் எடையைக் கத்துவார், நான் எழுதுவேன். பிறகு பவுடரில் கரைத்த பால். அதை அங்கேயே குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் எல்லோருக்கும் பங்காகிவிடும் என்று மெட்ராஸில் நினைத்தார்கள்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு தொல்லை வந்தது. சில குழந்தைகள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் அட்டைகளில் எடைக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. சராசரி போடும்போது காலிக் கட்டத்தை என்ன செய்வது? யாரிடமும் கேட்காமல் நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராத குழந்தையின் அட்டையை எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவது. அதன்பிறகு அட்டவணை சுத்தமாக வந்தது. நிலையத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தாசில்தார். என் தாளைத் தூக்கிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்குதும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓர் ஆண்டுக்குள் சராசரி எடை நன்றாக ஏறியது. வரைபடம் போட்டேன். கோடு மாதாமாதம் மேலே போயிற்று. செயலாளர் அதைப் பெரிய உறையில் வைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்.

பதில் வந்த அன்று அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்தார். இப்பகுதிக் குழந்தைகளின் உடல்நிலை திருப்திகரமாக முன்னேறியிருக்கிறது. ஆகவே அடுத்த மாத முடிவோடு இங்கே பால் வழங்குவது நிறுத்தப்பட்டு, தேவை அதிகமுள்ள வேறோர் ஊருக்கு மாற்றப்படும். படித்து முடித்தபோது அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, கொஞ்சம் பெருமிதமும் இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னாமா சொல்றாங்க? யாருக்கு ஒடம்பு தேறிச்சாம்?"

"நம்ம குழந்தைங்களுக்குத்தான் அக்கா. சராசரி ஏறியிருக்குது."

"சாயப்பட்டறை சந்துல ஒரு பொண்ணு, ரெண்டு வயசாகியும் நிக்க வராதே, அது தேறிச்சா? அத நான் கண்ணால பாத்தே நாலு மாசமாவுது. அது உன் கணக்குல இருக்குதா, இல்லியா?"

இல்லை. அது பெட்டியில் இருந்தது.

பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தேன். முப்பத்தொரு அட்டைகள். ஒவ்வொன்றிலும் கடைசியாக என் கையால் எழுதிய எடையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழெட்டு அட்டைகளைத் தவிர மற்ற எல்லாமே நிலையத்தின் மிக மெலிந்த குழந்தைகளுடையவை. பத்து அட்டை பார்ப்பதற்குள் விளங்கிவிட்டது. மெலிந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக வராமல் போகப் போக, மிச்சமிருந்தவர்களின் சராசரி தானாக ஏறியிருக்கிறது. ஒரு குழந்தைக்கும் ஒரு பிடி சதை வைக்காமலேயே என் கோடு மேலே போயிருக்க முடியும். தொடர்ந்து வந்த குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். அவர்கள் ஏதோ கொஞ்சம் தேறியிருந்தார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை முப்பத்தொரு அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு அக்காவோடு வீடு வீடாகப் போனேன்.

முதல் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் நெய்ய, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கான நூல் நாடாவைத் தறிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். குழந்தை எங்கே என்று கேட்டேன்.

"எந்தக் கொழந்த?"

அட்டையைப் பார்த்து வயதைச் சொன்னேன்.

"அது ஆடியிலயே பூடுச்சேம்மா" என்றார் அந்த அம்மா. "உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கை நிற்கவில்லை. கணவர் மட்டும் ஒரு நொடி தறியை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மிதியில் காலை வைத்தார். என் கையில் பென்சில் இருந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் அந்தக் குழந்தைக்கு நான் காலிக் கட்டம் விட்டிருந்தேன். தெருவுக்கு வந்ததும் அந்த அட்டையின் ஓரத்தில் 'ஆடி' என்று எழுதினேன். அக்கா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

சாயப்பட்டறைச் சந்தில் அந்தப் பெண் குழந்தை உயிரோடு இருந்தது. பாயில் கிடந்தது. கால்கள் என் விரல் கனம். நாங்கள் வந்ததைக் கண் மட்டும் தொடர்ந்தது, தலை திரும்பவில்லை.

"ஏம்மா பால் குடிக்கக் கொண்டுவரல?" என்று கேட்டேன். கேட்டது அதட்டல் போல இருந்திருக்க வேண்டும்.

அதன் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். "எப்படிமா வர்றது? காலைல வெளிச்சம் நல்லா இருக்கறப்பதான் தறி ஓடும். கரை வாங்க நான் பக்கத்துல உக்காரணும். நான் எழுந்துக்கினா தறி நின்னுடும். பெரிசு நடந்து வந்து குடிச்சிட்டு வந்துடுது. இத யாரு தூக்கினு வர்றது?"

நடக்க முடிந்த குழந்தைக்குப் பால் கிடைத்தது. நடக்க முடியாததற்குக் கிடைக்கவில்லை. நிலையம் திறந்திருந்ததோ காலை ஒன்பது முதல் பதினொன்று வரை.

மூன்று நாளில் எல்லா வீட்டையும் பார்த்து முடித்தோம். ஒன்பது குழந்தைகள் இறந்திருந்தன. ஐந்து குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயிருந்தன. மீதிப் பேர் இப்படிப் பாயில் கிடந்தார்கள், அல்லது கிடக்கப் போகிற நிலையில் இருந்தார்கள்.

செயலாளரிடம் போய், "நான் தப்பு பண்ணிட்டேன் சார்" என்று சொல்லி, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் போட்ட புதிய தாளை நீட்டினேன். அவர் அதை வரி வரியாகப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒன்பது என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இப்ப இத அனுப்பினா, முன்ன அனுப்பினதெல்லாம் பொய்யான்னு கேப்பாங்களேம்மா. அப்புறம் நம்மள யார் நம்புவாங்க?" என்றார்.

"நானே நேர்ல போய் சொல்றேன் சார்."

அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மெட்ராஸ் போனேன். வீட்டில் ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

தலைமை அலுவலகத்தில் ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். என் பழைய வரைபடத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் புதிய தாளின் பக்கத்தில் வைத்தார்.

"கூட்டல் கழித்தல் தப்பா?"

"இல்ல சார். கணக்கு சரி. கணக்குல சேர்க்க வேண்டியவங்களைச் சேர்க்கல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பால் ஏற்கெனவே அந்த இன்னொரு ஊருக்கு ஒதுக்கியாகிவிட்டது, மூட்டைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, அங்கே குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார். "அங்கேருந்து பிடுங்கிட்டு வான்னு சொல்றியாம்மா? அதுங்களும் குழந்தைங்கதானே?"

அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது, "மீதி இருக்கற பவுடரையாவது வீட்டுக்குப் போய்க் கொடுக்கலாமா சார்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தீரும்வரை கொடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை ஆண்டு உத்தியோகத்தில் நான் வாங்கிய ஒரே வெற்றி அதுதான்.

பவுடர் ஐந்து வாரம் தாக்குப்பிடித்தது. காலையில் அக்கா கரைத்துத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்ற, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தெருவாகப் போனோம். தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாலாடையில் புகட்டினோம். சில குழந்தைகள் தேறின. மூன்று குழந்தைகள் எங்கள் கையால் குடித்துவந்த நாட்களிலேயே இறந்துபோயின. மிகவும் தாமதமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பவுடர் தீர்கிற வாரம் சாயப்பட்டறைச் சந்துக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ரிக்ஷாவில் நான்தான் மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். தாய் கூடவே வந்தாள். வழியெல்லாம் ஒரே கேள்வி: "பொழைக்குமாம்மா? நீ படிச்சவதானே, சொல்லேன்."

"தெரியலம்மா" என்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்த பிடி வலித்தது.

பதினோரு நாள் அங்கே கிடந்தது. தறியைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருந்த தாயால் பகலெல்லாம் இருக்க முடியவில்லை. அவள் போகும்போது நான் இருந்தேன், நான் போனால் அக்கா இருந்தார். நான்காம் நாள் அரை தம்ளர் கஞ்சித் தண்ணீர் குடித்து, அதைக் கக்கி, மறுபடி குடித்தது. ஏழாம் நாள் என் விரலைப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோயிற்று. பதினோராம் நாள் தாய் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நிலையத்தைப் பூட்டினார்கள். தராசைக் கழற்றி மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அக்கா நூல் இழைக்கும் வேலைக்குப் போனார். என்னை அந்த இன்னொரு ஊருக்கு மாற்றினார்கள். வராத குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் என் வேலை என்று எழுதிக் கொடுத்தால்தான் வருவேன் என்றேன். கொடுத்தார்கள்.

பங்குனியில் லீவு கிடைத்து ஊருக்கு வந்தபோது சாயப்பட்டறைச் சந்துக்குப் போனேன். அந்தப் பெண் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தது. இன்னும் மெலிவுதான். பால் ஏதும் கிடைக்கிறதா என்று தாயைக் கேட்டேன். "எங்கமா" என்றாள்.

அடுத்த முறை நான் போனபோது அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. எங்கே போனார்கள் என்று சந்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.