சுக்கான் பிடித்த கை

என் மகள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவள். நேற்று மேசையடியில் இருந்துகொண்டு, சின்னதொரு மின்சுற்றுப் பலகையில் ஜோய்ஸ்டிக் ஒன்றைக் கொழுவிக்கொண்டிருந்தாள். அதன் தடியை இடப்பக்கம் தள்ளினால் திரையில் ஒரு புள்ளி வலப்பக்கம் ஓடியது.

"வயரை மாறிக் கொழுவிப்போட்டன் அம்மா."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் தகப்பன், ஐயாவின் வள்ளத்துச் சுக்கானும் இப்படித்தான் எதிர்ப்பக்கம் திருப்பும்.

பெண் ஏறினால் வள்ளத்துக்குத் துடக்கு, தீட்டுப்பட்டுவிடும் என்பார் ஐயா. ஒருநாள் காற்று எழும்பிவிட்டது. வள்ளத்தை உடனே மறைவான துறைக்குக் கொண்டுபோக வேண்டும். சுக்கான் பிடிக்கிற அண்ணைக்குக் காய்ச்சல். ஐயா பாயைப் பிடித்தால் சுக்கானுக்கு ஆளில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏறு. ஊருக்குச் சொல்லிப்போடாதை."

முன்னால் பாறை தெரிந்தது. பயத்தில் சுக்கான் தடியைப் பாறைக்கு எதிர்ப்பக்கம் தள்ளினேன். வள்ளம் பாறையை நோக்கியே திரும்பியது.

"பாறைப் பக்கம் தள்ளடி, விசரி."

தள்ளினேன். உப்பேறிய தடி கைக்குள் துடித்தது. வள்ளம் விலகிப் போனது.

கரையில் இறங்கி, ஐயா ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் மஞ்சள் தண்ணீர் கரைத்து, நான் இருந்த பலகையைக் கழுவினார். பிறகு ஒருநாளும் என்னை ஏற விடவில்லை.

"நானொருக்காப் பிடிக்கிறன்," என்று மகளிடமிருந்து ஜோய்ஸ்டிக்கை வாங்கினேன். தடியை எதிர்ப்பக்கம் தள்ளினேன்; புள்ளி நான் நினைத்த மூலைக்கே போனது.

"தாங்கோ அம்மா, வயரை மாத்தோணும்."

"உது சரியாத்தான் ஓடுது. நீ போய்த் தேத்தண்ணி போடு."

அவள் நீட்டிய கையில் நான் அதைக் கொடுக்கவில்லை.