பாலகாட்டில் இன்னொரு கொள்ளுத்தாத்தா

கல்யாண மண்டபத்து வாசலில் வைக்க ஒரு வம்ச மரம் வரைய வேண்டும் என்று சொன்னவன் என் மகன். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன். அங்கே யாரோ நண்பன் கல்யாணத்தில் பார்த்தானாம். இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் கிளை, வலப்பக்கம் பெண் வீட்டுக் கிளை, கீழே இரண்டும் சேருகிற இடத்தில் அவனும் அவன் கட்டிக்கொள்ளப் போகிற, பாலகாட் என்கிற பக்கத்துச் சுரங்கக் குடியிருப்புப் பெண்ணும். "தங்க வயலுக்கு மொதல்ல வந்தது யாரோ அங்கேருந்து ஆரம்பிக்கணும்பா, ரெண்டு பக்கமும்," என்றான். வீட்டில் சும்மா இருப்பவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்தப் படிவமானாலும் முதலில் பென்சிலால் எழுதி, நாலு பேரிடம் காட்டி, பிறகுதான் பேனாவைத் தொடுவேன். அப்படிப்பட்டவனிடம் நூற்றிருபது வருஷத்துக் கதையை எழுதச் சொன்னால் என்ன ஆகும்? எனக்குத் தாத்தா வரைக்கும் தெரியும். தாத்தாவின் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மேஸ்திரி ஒருவரோடு நடந்தே வந்து, சுரங்கத்தில் இறங்கினார் என்பதோடு எங்கள் வீட்டுப் பேச்சு முடிந்துவிடும். அவர் பெயரையே அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள்; நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள்; உறவுமுறை விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவள்தான் உயர்நீதிமன்றம்.

சென்சஸைப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்றான் மகன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் பொறுமைசாலி. வெள்ளைக்காரன் காலத்துச் சென்சஸ் புத்தகத்தை எங்கிருந்தோ திரையில் கொண்டுவந்துவிட்டாள். பக்கம் பக்கமாக எண்கள். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, குடியிருக்கிற வீடுகள் இத்தனை. பெயர் மட்டும் ஒன்றுகூட இல்லை. வீடுவீடாக எழுதிய தாள்களை, கூட்டல் முடிந்ததும் கழித்துவிட்டார்களாம். எங்கள் கொள்ளுத்தாத்தா அந்தக் கூட்டுத்தொகைக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தார்; இவர்தான் என்று விரலால் காட்ட வழியில்லை. ஆனாலும், அவரை விட்டுவிடாமல் எண்ணியிருக்கிறார்களே என்று ஒரு திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் மாதா கோயிலும் தன் பங்குக்குத் தலை எண்ணியிருக்கிறது என்று சொன்னவர் எங்கள் பங்குச் சாமியார். சின்ன வயசுக்காரர். திருமணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். எங்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று. முதல் ஓலை வாசித்தபோது நான் பெருமையாக நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தேன். தடை சொல்லப்போகிற ஆள் நானாகவே இருப்பேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

"கையைக் கழுவிட்டு வாங்க ஐயா, பேப்பர் அப்பளம் மாதிரி கீது," என்று சொல்லிச் சாமியார் அலமாரியைத் திறந்தார். துணி அட்டை போட்ட பெரிய புத்தகங்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனி. அதோடு குடும்பக் கணக்கு என்று ஒன்று: சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லைன் லைனாகப் போய், வீட்டுக்கு ஒரு பக்கமாக யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதியது.

மூன்று நாள் போனேன். என் கொள்ளுத்தாத்தா அந்தத் தாள்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தார். முதலில் பாலகாட்டில், மூங்கில் தட்டியால் கட்டிய வீட்டில் குடியிருந்தார். நிலத்தடியில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஒரு பெண் குழந்தை, அது தங்கவில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்ததால், அடையாளத்துக்கு உபதேசியார், சுரங்கத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிற வேலை டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, அந்த எண்ணையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்திருந்தார். பிறகு ஒன்றரை வருஷம் ஆளே இல்லை. "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று ஓரத்தில் ஒரு வரி. திரும்பி வந்து நந்திதுர்க்கில் வேறு டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறார். என் தாத்தா பிறந்தது அதற்குப் பிறகு. அந்த ஞானஸ்நானத்தில் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி. கொஞ்சம் கோணல். எனக்கு அந்தக் கோணலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது; என் கையெழுத்தும் அப்படித்தான் சாயும்.

நாலாம் நாள் பெண் வீட்டுப் பக்கம் தேடினேன். சம்பந்தி, அதாவது பெண்ணின் அப்பா, அவருடைய தாத்தா பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பாலகாட் பக்கத்தைப் புரட்டினேன். தாத்தா கிடைத்தார். அவருடைய தகப்பனார் என்ற இடத்தில் விரலை வைத்தேன். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

என் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அவருடைய தகப்பன் பெயர். அவருடைய ஊர். மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. பெயர் ஒன்றானால் பரவாயில்லை, அந்தப் பெயர் அன்றைக்கு லைனுக்கு இரண்டு இருந்திருக்கும். ஆனால் டிக்கெட் எண்ணும் அதே எண்: கொள்ளுத்தாத்தாவின் முதல் குழந்தைக்குப் பக்கத்தில் எழுதியிருந்த அதே பழைய எண். மனைவி பெயர் மட்டும் வேறு.

எங்கள் கொள்ளுத்தாத்தா நந்திதுர்க்கில் ஒரு வீடு, பாலகாட்டில் ஒரு வீடு வைத்திருந்தார் என்றால் நானும் சம்பந்தியும் பங்காளிகள். ஒரே தகப்பன் வழி. அப்படியானால் என் மகனும் அந்தப் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு பேரும் தினமும் ஒரே ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போகிறார்கள்.

சாமியாரிடம் காட்டினேன். அவர் தலைமுறைகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "திருச்சபைச் சட்டப்படி இத்தனை தலைமுறை தள்ளிப் போச்சுன்னா தடை இல்லீங்க ஐயா," என்றார்.

"திருச்சபை ஒத்துக்கும் சாமி. எங்க அக்கா ஒத்துக்க மாட்டா."

இரண்டு நாள் நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. மகன் வம்ச மரம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டான். பென்சில் தேடுகிறேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் என்று சாமியார் கேட்கும்போது, தெரிந்த ஒரே ஆள் முன்வரிசையில் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருப்பதா? சனிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ரெண்டு பொண்டாட்டின்றியா?"

"புக்குல அப்டிதான்கா கீது."

"ரெண்டு கல்யாணமும் எந்தக் கோயில்ல?"

"இதே கோயில்லதானே இருக்கணும்?"

"இன்னாடா பேசறே நீ? மொத பொண்டாட்டி உசுரோட இருக்கச்சே, ரெண்டாவது கல்யாணத்தை எந்த வெள்ளைக்காரச் சாமியாரு பண்ணி வெச்சிருப்பாரு? செருப்பால அடிச்சிருப்பாரு. ஞானஸ்நானப் புக்கைப் பாத்தியே, கல்யாணப் புக்கைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பாலகாட்டுக் கல்யாணத்தை நான் பார்க்கவே இல்லை. பயந்தவனுக்கு ஒரு பக்கமே போதும். அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை வராது.

அக்கா கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். போகிற வழியில் சம்பந்திக்கும் போன் போட்டு வரச் சொல்லிவிட்டாள். "சமாச்சாரம் அவங்களுக்கும் சேத்துதானே," என்றாள். நான் ஆட்டோவில் அவளுக்குப் பக்கத்தில், அடுத்தடுத்து என்னென்ன கெட்டுப்போகும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன்.

கல்யாணப் புத்தகம் முழுக்க லத்தீன். உபதேசியார் எழுதியது அல்ல; அந்தக் காலத்துச் சாமியாரே மணமக்களை நேரில் விசாரித்து எழுதியது. எங்கள் சாமியார், ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்த அந்தப் பாலகாட்டு மனைவியின் பெயரை வைத்துத் தேடி, ஒரு பக்கத்தில் நின்றார். மெதுவாகப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு சிரித்தார்.

"மாப்பிள்ளை பேரு வேறங்க. இது உங்க கொள்ளுத்தாத்தா இல்ல. உங்க கொள்ளுத்தாத்தா சாட்சி. இதோ பாருங்க, கீழ."

பார்த்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு சிலுவைக் குறிகள். மாப்பிள்ளையின் குறி நேராக, ஆணி அடித்ததுபோல. சாட்சியின் குறி கோணலாக, எங்கள் வீட்டுக் கோணலாக. ஒரே ஆள் மாப்பிள்ளையாகவும் சாட்சியாகவும் நிற்க முடியாதல்லவா? அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அந்தச் சாமியார் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: மாப்பிள்ளை, சாட்சியினுடைய மனைவியின் தம்பி, சாட்சி ஊருக்குப் போனதிலிருந்து அவருடைய டிக்கெட்டில், அவருடைய பெயரில் வேலை செய்கிறான், சுரங்கத்தில் அந்தப் பெயரே நிற்கிறது.

சம்பந்தி தலையில் அடித்துக்கொண்டார். "அட, ஆள்மாத்து! எங்கப்பா சொல்வாரு. ஊருக்குப் போறவன் டிக்கெட்டை சொந்தக்காரன் கையில குடுத்துட்டுப் போவான். சுரங்கத்துக்குள்ள கேஜ் லிப்ட்ல எறங்கச்சே டிக்கெட்டைத்தான் பாப்பானுங்க, மூஞ்சியை யாரு பாத்தா? திரும்பி வந்தா டிக்கெட்டு சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது."

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வரவில்லை. மச்சான் பாலகாட்டில் நிலைத்துவிட்டார். பெயரை மாற்றச் சொன்னால் வேலை போய்விடும் என்று அவரும் கேட்டிருக்கமாட்டார். கொள்ளுத்தாத்தா சொந்தப் பெயரை மச்சானிடம் விட்டுவிட்டு, அதே பெயரில் நந்திதுர்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பிறகு மச்சானுக்குக் குழந்தைகள் பிறந்தபோது உபதேசியார் வழக்கப்படி டிக்கெட்டைப் பார்த்து, அதில் இருந்தபடியே எல்லாவற்றையும் எழுதினார். அப்படித்தான் எனக்கு இரண்டு கொள்ளுத்தாத்தாக்கள் கிடைத்தார்கள். இதை நானாகக் கோத்துச் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பது அந்தக் குறிப்பு மட்டும்தான்.

நான் மூச்சு விட்டேன். ஆனால் அக்கா விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னா?"

"சும்மா இருடா. நம்ம கொள்ளுப்பாட்டியோட தம்பி வழி அவங்க. அக்கா வழி நாம. அப்ப நம்ம தாத்தாவுக்கு அவங்க தாத்தா மச்சான். நம்மப்பாவுக்கு அவங்கப்பா மச்சான்." அவள் நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தாள். "நீங்க இவனுக்கு மச்சான். அந்தப் பொண்ணு எங்க பையனுக்கு மொறப்பொண்ணு! டேய், முறை தெரியாமலே முறைப்படி பொண்ணு எடுத்திருக்கோம்டா."

சம்பந்தி உடனே நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அப்டின்னா நாங்க தாய்மாமன் வழி. மொதல்ல எங்களுக்குத்தான் மரியாதை. நூறு வருஷமா மாமன் வீட்டுக்கு ஒரு எட்டு வரலயே நீங்க, இன்னா மனுஷங்க!"

"உங்க ஆளு எங்க ஆளு பேரைத் தூக்கிட்டுப் போனாரே, அதைக் கேட்டமா நாங்க?" என்றாள் அக்கா.

"பேரைக் குடுத்தீங்க. இப்ப பொண்ணைக் குடுத்துட்டோம். சரியாப் போச்சு போங்க."

சாமியார் மேஜையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நான் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லி, தெளிவாக விழவில்லை என்று இரண்டாம் முறையும் எடுக்கச் சொன்னேன்.

மறுநாள் இரண்டாம் ஓலை. சாமியார் பெயர்களை வாசித்துவிட்டு, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். அந்த இடத்தில் வழக்கமாக ஒரு நொடிதான் நிறுத்துவார். அன்றைக்கு வேண்டுமென்றே என்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார். எல்லாம் தெளிந்த பிறகும் நான் பெஞ்சியின் நுனிக்கு நகர்ந்துவிட்டேன். எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டேனோ? அடக்கப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லையே? பக்கத்து பெஞ்சியிலிருந்து சம்பந்தி எட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என் காதில் சொன்னார்:

"எழுந்திருச்சிடாதீங்க மச்சான். உக்காருங்க."

உட்கார்ந்தேதான் இருந்தேன்.