பாதி உயரத்தில் படுத்திருந்த கோடு

என் தம்பி முரளியின் சாவுக்குக் காரணம் நான்தான்! நின்றிருந்த வண்டியில் எவனோ மோதிவிட்டு ஓடிவிட்டான் என்று ஊரே நம்புகிறது. அப்படி ஒருவன் கிடையாது. அவனை உண்டாக்கியவளே நான்.

நான் பத்தாவது பெயில். படூரில் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் வேலை. வண்டிகள் ஓடுகின்றனவா, நிற்கின்றனவா என்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நேரம் ஆக ஆக அது வலப்பக்கம் நகரும். வண்டி தூரம் போகப் போக மேலே ஏறும். வண்டி நின்றால் ஏறாது, எட்டிய உயரத்திலேயே படுத்துக்கொள்ளும்.

முரளியும் அங்கேதான் டிரைவர். "இன்னாக்கா, என் கோடு படுத்துக்கிச்சா? அப்போ நான் டீக்கடையில கீறேன்னு அர்த்தம். போன் பண்ணி பேஜார் பண்ணாத!" என்பான்.

எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

அன்று மதியம் முதலாளி வந்து திரையில் எதையோ மாற்றினார். "பசங்க கண்ணுமண்ணு தெரியாம ஓட்றானுங்க. இனிமே இதுல தூரம் வராதும்மா, ஸ்பீடுதான் வரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

புரியவில்லை... கேட்டிருக்கலாம். கேட்டால் என் படிப்பு அவருக்கு நினைவு வந்து, வேறு ஆளை உட்கார வைத்துவிடுவாரோ என்று பயம். எந்தக் கோடானாலும் கோடுதானே என்று இருந்துவிட்டேன்.

முரளி முந்தின ராத்திரியும் வண்டி ஓட்டியவன். அப்போதுதான் அணுபுரத்தில் கேன்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். மாமல்லபுரம் வருவதற்குள் அவன் கோடு படுத்துக்கொண்டது. திரையின் பாதி உயரத்தில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

முதலாளி போனில் கேட்டார். "முரளி எங்கம்மா கீறான்?"

"டீ குடிக்க நிக்கிறான் சார்."

நானும் பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக்கொண்டேன்! இரண்டு வாய் குடிப்பதற்குள் கோடு நேர்க்குத்தாகக் கீழே விழுந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்தேன்.

வண்டி சவுக்குத் தோப்பில் நசுங்கிக் கிடந்தது. "அவன் நின்னுகினுதான் இருந்தான், நான் பாத்துகினே இருந்தேன்!" என்று எல்லோரிடமும் அழுதேன். மோதிவிட்டு ஓடியவன் அப்படித்தான் பிறந்தான்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அன்றே வேறொரு டிரைவரின் கோடு சரிந்து, திரையின் அடியில், தரையோடு படுத்தது. பதறிப்போய் போன் செய்தேன்.

"இன்னாமா, மனுசன நிம்மதியா ஒரு டீ குடிக்க வுட மாட்டியா?" என்றார் அவர்.

நின்ற வண்டிக்கு ஏது வேகம்? கோடு அடியில்தானே கிடக்கும்! அப்படியென்றால், பாதி உயரத்தில் படுத்திருந்த என் தம்பி... ஓடிக்கொண்டிருந்தான். கூடாமல், குறையாமல், ஒரே வேகத்தில்.

பழைய நாளை எடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் கோடெல்லாம் நடுங்குகிறது. மாடு குறுக்கே வரும், பஸ் நிற்கும், கால் அழுத்தும், விடும். அவன் கோடு நடுங்கவே இல்லை. விழித்திருக்கும் கால் அப்படி இருக்குமா? நீங்களே சொல்லுங்கள்... நான் ஒரு போன் அடித்திருந்தால் கண் திறந்திருப்பானா?

அவன் போன் உடையவில்லை. சீட்டுக்கு அடியில் கிடைத்தது. அம்மா அதை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பியதும் அந்த நாளைத் திரையில் மறுபடி ஓடவிடுகிறேன். அவன் கோடு அணுபுரத்தில் இருந்து புறப்படுகிறது. கோடு படுக்கிறது. என் கை ஆபீஸ் போனை எடுத்து அவன் நம்பரை அழுத்துகிறது.

போனில் வரும் பெயரைப் படிக்கத் தெரியாத அம்மா எடுக்கிறாள். "யாரு?"

நான் பேசுவதில்லை. கோடு இன்னும் விழவில்லையே... அவன் இன்னும் உயிரோடுதானே இருக்கிறான்!

நேற்று அம்மா எப்போதும்போல் கத்தவில்லை. மெல்லக் கேட்டாள். "நீதானடா அது? எம்புள்ளைய இடிச்சுட்டுப் பூட்டவன் நீதான? தெனம் போன் பண்ணி மூச்சு வுட்டுகினு கீற... அவன் சாவுறப்போ என்னைக் கூப்ட்டானாடா?"

கோடு விழுந்தது. போனை வைத்தேன்.

வீட்டில் அம்மா சோறு போட்டாள். "அவன் இன்னிக்கும் போன் பண்ணான்டி" என்றாள்.

"இன்னா சொன்னான்மா?" என்று நான் கேட்டேன்.