பெல்ட்டைத் தின்ற புல்லி

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நாங்கள் அப்போது நிந்தவூரில் இருந்தோம். எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். முதல் பிள்ளை ஆபரேஷன் செய்துதான் பிறந்தது. அதனால் இந்த முறை வலி வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வந்து படுத்துவிட வேண்டும் என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் எங்கள் வீட்டில் என்னைவிட அதிகக் கவனிப்பு கிடைத்தது என் கணவரின் காருக்குத்தான். கல்முனை பஸாரில் புடவைக் கடை வைத்திருந்த அவர், பல கை மாறி வந்த பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கியிருந்தார். வாங்கிய கொஞ்ச நாளில் அதற்கு ஒரு வியாதி வந்தது. ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று கத்தும். தெருமுனையில் அவர் திரும்பும்போதே வீட்டில் சோறு போடத் தொடங்கிவிடலாம், அப்படி ஒரு சத்தம். சில நாள் கத்திவிட்டு, விசிறியைச் சுற்றுகிற பெல்ட்டைத் துப்பிவிடும்.

முதலில் பார்த்த மெக்கானிக் பாஸ், பெல்ட் சரியில்லை என்றார். புது பெல்ட் போட்டார்கள். ஒரு வாரத்தில் அது நார் நாராகிப் போனது. இரண்டாவது பாஸ் ஒரு ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு டைனமோ பெயரிங் என்றார். அதை மாற்றினார்கள். கத்தல் நிற்கவில்லை. மூன்றாவது ஆள் தண்ணீர்ப் பம்ப் என்றார். அதுவும் மாறியது. கார் கத்திக்கொண்டேதான் இருந்தது. என் கணவரோ சலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வரும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். எல்லோரும் பொனெட்டைத் திறந்து வைத்துக் காதை நீட்டுவார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றி ஊற்றிக் களைத்துப்போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. நான் பஸ்ஸில் போகலாம் என்றுதான் இருந்தேன். பார்த்தால் அன்றைக்கு ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, வாடகைக் காரும் இல்லை. என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா புள்ள? நம்மட கார் இல்லாட்டி இண்டைக்கு என்ன செய்வாய்?"

ஏறி உட்கார்ந்தேன். கூட நிற்பதற்காக என் உம்மாவும் பையோடு ஏறினார். கையிருப்பில் இன்னொரு பெல்ட் வைத்திருக்கிறேன், பயப்படாதே என்றார் என் கணவர். ஊர் எல்லை தாண்டி வயல்வெளியில் முதல் பெல்ட் கழன்றது. இறங்கி மாற்றினார். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக்குள் நுழைந்ததும் இரண்டாவதும் போனது. ரேடியேட்டர் ஆவி கக்கியது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அவர் பெல்ட் விற்றவனைத் திட்டிக்கொண்டு நின்றார்.

கார் நின்ற இடத்துக்கு நேரே இருந்த வீட்டிலிருந்து ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியில் தண்ணீரோடு வந்தார். தபால் கந்தோரில் வேலை பார்ப்பவர், ஹர்த்தால் என்பதால் வீட்டில் இருந்தார். தண்ணீர் ஊற்றி, கார் ஆறியதும், என் கணவர் கழன்று கிடந்த பெல்ட்டையே மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்தார். உள்ளே இருக்க எனக்கு மூச்சு முட்டியது. இறங்கி, பொனெட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லாததால் அதைப் பார்த்தேன். விசிறி ஒழுங்காகச் சுற்றியது. டைனமோவும் ஒழுங்காகச் சுற்றியது. ஆனால் அடியில், பெல்ட் ஓடுகிற பெரிய இரும்புச் சக்கரம் மட்டும் கள்ளுக் குடித்தவன் மாதிரி ஆடியது.

"இஞ்ச பாருங்க, கீழ இரிக்கிற சில்லு ஆடுது."

"அது புல்லி. அது அப்பிடித்தான் சுத்தும்."

"மத்த ரெண்டும் ஆடாம சுத்துது. இது மட்டும் என்னத்துக்கு ஆடணும்?"

"நீ சும்மா போய் இரு புள்ள."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் நகராமல் அங்கேயே நின்றேன். வாளிக்காரர் குனிந்து பார்த்தார். "தம்பி, தங்கச்சி சொல்றது சரிதான். நிப்பாட்டிப் போட்டுக் கையால பிடிச்சிப் பாருங்க."

என் கணவர் என்ஜினை நிறுத்தி, கையை உள்ளே விட்டுப் புல்லியின் விளிம்பைப் பிடித்து அசைத்தார். அந்த விளிம்பில் ஒரு துண்டு அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளாக வெடித்துக் கிடந்து, போட்ட பெல்ட்டையெல்லாம் தின்றுகொண்டிருந்த சக்கரம் அது. அத்தனை பேர் காது வைத்துக் கேட்டார்களே, ஒருவராவது கண்ணால் பார்த்திருக்கக் கூடாதா!

புல்லிக்கு எங்கே போவது? கடைகள் எல்லாம் பூட்டு. அப்போதுதான் என் கணவரின் கண், அந்த வீட்டு வளவுக்குள் போனது. கிடுகுக் கொட்டிலின் கீழ் எங்கள் காரைப் போலவே ஒரு கார் நின்றது. அந்தக் காலத்தில் ஊருக்கு நாலைந்து ஓடிய வகைதான். சில வருஷத்துக்கு முந்தி அடித்த பெரிய சூறாவளியில் தென்னை விழுந்து அதன் பின்பக்கம் நசுங்கியிருந்தது. முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அண்ணன், அந்தப் புல்லிய..." என்று இவர் தொடங்கவும் அந்த மனுஷனின் முகம் மாறிவிட்டது.

"அது மட்டும் ஏலாது தம்பி. நான் அதத் திருத்தி ஓட்டப் போறன். ஒரு நட்டும் கழட்ட விடமாட்டன்."

சொல்லிவிட்டு வாளியோடு உள்ளே போய்விட்டார். என் கணவர் நடுரோட்டில் இருக்கும் கல்லைப் போல நின்றார். உம்மா காருக்குள் ஸலவாத்து ஓதத் தொடங்கினார். அடுத்த நிமிஷம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"அந்தப் புள்ள வயித்தத் தாங்கிக்கிட்டு வெயில்ல நிக்குது, நீங்க இஞ்ச துருப்பிடிச்ச இரும்புக்குக் காவல் இருக்கிறீங்களா? சூறாவளி அடிச்ச நாளில இருந்து திருத்தப் போறன், திருத்தப் போறன் எண்டு கேட்டுக் கேட்டு என்ட காதும் புளிச்சிப் போச்சு. எடுத்துக் குடுங்க!"

அவருடைய மனைவிதான். வெளியே வந்து என் கையைப் பிடித்து, "நீங்க வாங்க தங்கச்சி. இந்த ஆம்பிளையளும் இவங்கட காரும்!" என்று உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்துப் படுக்க வைத்தார். என் வாழ்க்கையில் என் மனதில் இருந்ததை அப்படி அச்சொட்டாக வேறு யாரும் சொன்னதில்லை.

பிறகு அவர் புருஷன் ஸ்பானர்கள் கிடந்த சாவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். யன்னலால் எல்லாம் தெரிந்தது. துருவேறிய நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றினார்கள். நட்டு வந்தது, புல்லி வரவில்லை. என் கணவர் பொறுமை இழந்து சுத்தியலைத் தூக்க, அவர் பாய்ந்து கையைப் பிடித்தார். "தம்பி, வார்ப்பு இரும்பு! இதையும் உடைச்சிப் போட்டு என்ன செய்யப் போறீங்க?" தேத்தண்ணீருக்குக் கொதித்த நீரை மனைவியிடம் வாங்கிப் புல்லியின் மேல் ஊற்றினார்கள். இரண்டு பக்கமும் தட்டை இரும்பைக் கொடுத்து நெம்பியதும் அது மெல்லக் கழன்று வந்தது.

எங்கள் காரில் இன்னொரு கூத்து. கியரில் போட்டு பிரேக்கையும் மிதித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால்தான் நட்டைத் திருகும்போது என்ஜின் சேர்ந்து சுற்றாது. ஆண்கள் இருவரும் முன்னால் நின்றார்கள். மிச்சம் உம்மாதான். டிரைவர் சீட்டில் அன்றுவரை உட்கார்ந்தே அறியாத உம்மா, பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு காலாலும் மிதித்தார். "விடாதீங்க மாமி, விடாதீங்க!" என்று இவர் கத்த, "நான் எங்க மனே விட்டன்? நீங்க கெதியாத் திருகுங்க!" என்று உம்மா திருப்பிக் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதுதான் முதுகில் ஒரு வலி பிடித்தது. பக்கத்தில் இருந்த அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். வாசலுக்குப் போய், "இனிக் கதையில்லை, ஓடுங்க!" என்று சத்தம் போட்டார்.

கழன்று விழுந்த பெல்ட்டுகளில் கிழியாத ஒன்றை மாட்டினார்கள். கார் ஸ்டார்ட் ஆனது. கத்தல் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அந்த என்ஜின் எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் கேட்டேன். கல்முனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி எல்லாம் தாண்டி வெயில் தாழும்போது மட்டக்களப்பு போய்ச் சேர்ந்தோம். வலி வந்த நிலையில் வந்ததற்கு டாக்டரிடம் நல்ல ஏச்சு கிடைத்தது. உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மகள் பிறந்தாள். நானும் பிழைத்தேன்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும், கொழும்பில் தேடிப்பிடித்த ஒரு புல்லியோடு அந்த வீட்டுக்குப் போனோம். அவர் மிகக் கவனமாகத் துடைத்துப் பார்த்து அதைத் தன் காரில் பூட்டினார். அந்தக் கார் கடைசிவரை ஓடவில்லை. அக்கா என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "கண்டீங்களா தங்கச்சி, மறுகாவும் தொடங்கிட்டார்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் காலம் கெட்டது. தமிழர்களும் முஸ்லிம்களுமாக அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்கப் பயந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகாமலே வருடங்கள் போயின. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் "அந்த ஊர் ஆக்கள்" என்று பேச்சைத் தொடங்கினால் நான் எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அவர்கள் சொல்கிற அந்த ஊரில், எனக்காகத் தன் புருஷனோடு சண்டை பிடித்த ஒரு பெண்ணும், கடைசியில் மனமிரங்கிச் சாவிப் பெட்டியைத் தூக்கிய ஒரு மனுஷனும் இருந்தார்கள் என்பதை இன்றுவரை என்னால் ஒதுக்கி வைத்துவிட்டு யாரையும் வெறுக்க முடியவில்லை.